ஒரு குறி குறைந்தபோது

எங்கள் வீட்டில் தொலைபேசி மேசையின் லாச்சிக்குள் ஒரு தடித்த குறிப்புப் புத்தகம் இருக்கிறது. கைபேசி எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்னரே உம்மா எழுதத் தொடங்கியது அது. இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் எண். சில எண்கள் வெட்டப்பட்டு மேலே வேறு எண் எழுதப்பட்டிருக்கும். சாச்சி வீடு மாறியபோது மட்டும் யாரும் அதைத் திருத்தவில்லை. அடுத்த பெருநாளுக்கு உம்மா ஸலாம் சொல்லி நலம் விசாரிக்கத் தொடங்கிய பிறகுதான் மறுமுனையில் பேசுவது முன்பின் தெரியாத ஒருவர் என்பது தெரிந்தது. புத்தகத்தில் பெயர் சரியாகத்தான் இருந்தது. எண்தான் பழையது.

கணினிக்குள்ளும் இப்படி ஒரு குறிப்புப் புத்தகம் உண்டு. அதற்கு ஹோஸ்ட்ஸ் கோப்பு என்று பெயர். உயர்தர தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடத்தில் வலையமைப்பு அலகைப் படித்தபோது இதனை ஓரிரு வசனங்களோடு கடந்து போனோம். நான் இதை ஒழுங்காகக் கற்றுக்கொண்டது, இந்த ஆண்டு கல்லூரிக் கண்காட்சிக்கு இரண்டு நாட்கள் இருக்கையில், கணினிக் கூடத்தின் ஹோஸ்ட்ஸ் கோப்பை என் கையாலேயே அழித்த பிறகுதான். அந்தக் கதையைச் சொல்வதற்கு முன் கோப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் நான் செய்த பிழை எவ்வளவு சிறியது, அதன் விளைவு எவ்வளவு பெரியது என்பது விளங்காது.

வலையமைப்பில் இணைந்திருக்கும் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் ஐ.பி. முகவரி இருக்கும். நாம் அதிகம் காணும் நான்காம் பதிப்பு முகவரி, 0 முதல் 255 வரையான நான்கு எண்களைப் புள்ளியிட்டு எழுதுவது. உதாரணமாக 192.168.1.24. 192.168 என்று தொடங்குபவை வீடு, பாடசாலை, அலுவலகம் போன்ற இடங்களின் உள் வலையமைப்புக்கென ஒதுக்கப்பட்டவை. 127.0.0.1 என்பது எந்தக் கணினியிலும் 'நானே' என்று பொருள்படும். கணினிகள் தம்முள் பேசிக்கொள்வது இந்த எண்களால்தான். மனிதர்களாகிய நமக்குத்தான் பெயர் தேவைப்படுகிறது.

நாம் ஒரு பெயரைத் தட்டச்சு செய்தவுடன், அதற்குரிய எண் எது என்று கணினி தேடுகிறது. வழமையான அமைப்பில் அது முதலில் தன்னிடமுள்ள ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்க்கும். அங்கே இல்லாவிட்டால்தான் வெளியே உள்ள ஆள்களப் பெயர் முறைமையை, அதாவது டி.என்.எஸ். சேவையகத்தைக் கேட்கும். ஆகவே ஹோஸ்ட்ஸ் கோப்பில் என்ன எழுதியிருக்கிறதோ, உலகம் முழுவதும் வேறு விதமாகச் சொன்னாலும், அந்தக் கணினிக்கு அதுவே முடிவு. பிழையாக எழுதியிருந்தாலும் அப்படித்தான்.

உலகத்திலுள்ள எல்லாக் கணினிகளுக்கும் ஒரே ஒரு ஹோஸ்ட்ஸ் பட்டியல் போதுமாக இருந்த காலமும் உண்டு. இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் 1969 இல் அமெரிக்காவில் நான்கு இடங்களை இணைத்துத் தொடங்கியது. ஆரம்பத்தில் ஒவ்வோர் இடத்தினரும் தமக்கென ஒரு பட்டியலை வைத்துக்கொண்டார்கள். ஒரே கணினிக்கு ஆளுக்கொரு பெயர். இதைச் சீர்செய்து எல்லோரும் ஒரே பெயர்களைப் பயன்படுத்துவோம் என்று 1971 செப்டெம்பரில் எழுத்தில் முன்மொழிந்தவர் பெகி கார்ப் என்ற பெண். பின்னர் அந்தப் பொதுப் பட்டியல் கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் இருந்த வலையமைப்புத் தகவல் நிலையத்தில் பராமரிக்கப்பட்டது. அந்த நிலையத்தைப் பல ஆண்டுகள் வழிநடத்தியவரும் ஒரு பெண்தான். எலிசபெத் ஃபைன்லர். அவர் கணினி படித்தவர் அல்லர், இரசாயனவியல் படித்தவர். புதிய கணினிக்குப் பெயர் வேண்டுமானால் அவருடைய குழுவினருக்கு அறிவிக்கவேண்டும். அவர்கள் கோப்பில் சேர்ப்பார்கள். மற்ற இடங்கள் அந்தக் கோப்பை அவ்வப்போது பிரதி எடுத்துக்கொள்ளும்.

கணினிகள் பெருகப் பெருக இந்த முறை மூச்சுத்திணறியது. ஒரே இடத்தில் எல்லாப் பெயர்களையும் எழுதி, ஒரே கோப்பை எல்லோரும் இறக்கிக்கொள்வது இனி நடக்காது என்ற நிலையில், 1983 நவம்பரில் போல் மொக்கபெட்ரிஸ் டி.என்.எஸ். திட்டத்தை வெளியிட்டார். பட்டியலைத் துண்டு துண்டாகப் பிரித்து, அந்தந்தத் துண்டை அந்தந்த இடத்தினரே பராமரிப்பது அதன் அடிப்படை. பழைய கோப்போ மறையவில்லை. இன்றும் நம் ஒவ்வொரு கணினியிலும் ஒரு மூலையில் இருக்கிறது.

விண்டோஸில் அந்த மூலை சி ட்ரைவில் விண்டோஸ், அதனுள் சிஸ்டம்32, அதனுள் ட்ரைவர்ஸ், அதனுள் ஈ.டி.சி. என்ற உறை. லினக்ஸில் நேரடியாக ஈ.டி.சி. உறைக்குள்ளேயே இருக்கும். திறந்து பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். படமில்லை, நிறமில்லை, வெறும் எழுத்து. ஒரு வரியில் முதலில் எண், பிறகு இடைவெளி, பிறகு பெயர். # குறியோடு தொடங்கும் வரி மனிதருக்கான குறிப்பு, கணினி அதைப் பொருட்படுத்தாது. பெயர்களும் கட்டளைகளும் திரையில் ஆங்கில எழுத்திலேயே தட்டச்சு செய்யப்பட வேண்டியவை. இங்கே வாசிப்பதற்கு வசதியாக அவற்றைத் தமிழில் எழுதுகிறேன். (தமிழில் பெயர் வைக்கவே முடியாதா என்று என் தங்கை கேட்டாள். முடியும். 2010 ஆம் ஆண்டிலிருந்து '.இலங்கை' என்று முடியும் இணைய முகவரிகளுக்கு இடமுண்டு. ஆனால் உள்ளே அதுவும் எக்ஸ்.என். என்று தொடங்கும் ஓர் ஆங்கில எழுத்துச் சரமாக மாற்றப்பட்டே தேடப்படுகிறது.)

இனி என் கதை. கண்காட்சிக்காக எமது கணினிக் கூடத்தின் பன்னிரண்டு கணினிகளை இணைத்திருந்தோம். ஒவ்வொரு வகுப்பும் தன் ஆக்கங்களைத் தனக்குரிய கணினியில் வைத்திருந்தது. பழைய சஞ்சிகைகளின் பக்கங்கள் உள்ள கணினிக்கு 'ஏடு' என்று பெயர். கவிதைகளுக்கு 'கவிதை'. கிராஅத், பேச்சுப் போட்டி ஒலிப்பதிவுகளுக்கு 'குரல்'. பெற்றோர் எந்தக் கணினியின் முன் அமர்ந்தாலும் எல்லா வகுப்புகளின் ஆக்கங்களையும் திறந்து பார்க்கலாம், ஏனெனில் பக்கங்களிலுள்ள இணைப்புகள் எல்லாம் இந்தப் பெயர்களால் எழுதப்பட்டிருந்தன. பெயர்ப் பட்டியல் ஒரு கணினியில் இருந்தது. அதை நாங்கள் தாய்க்கணினி என்றோம். மற்றப் பதினொன்றும் காலையில் இயங்கத் தொடங்கும்போது ஒரு சிறு தொகுதிக் கோப்பு ஓடி, தாய்க்கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பிரதி எடுத்துத் தன் கோப்பின் மேல் எழுதிக்கொள்ளும். தாய்க்கணினியை மட்டும் அது எண்ணாலேயே அழைக்கும். சுருங்கச் சொன்னால், மென்லோ பார்க் முறையையே ஓர் அறைக்குள் செய்திருந்தோம், அப்போது அது எங்களுக்குத் தெரியாவிட்டாலும்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் 'குரல்' கணினியின் பெயரை நான்தான் சேர்க்கவேண்டியிருந்தது. நோட்பேடில் திறந்து எழுதியிருக்கலாம். ஆனால் கறுப்புத் திரையில் கட்டளை எழுதுவதில் எனக்கொரு பெருமை இருந்தது, மறைப்பானேன். கட்டளைச் சாளரத்தை நிர்வாகியாகத் திறந்து, ஈ.டி.சி. உறைக்குள் போய், இப்படி எழுதினேன்:

எக்கோ 192.168.1.24 குரல் > ஹோஸ்ட்ஸ்

எக்கோ என்றால் 'நான் சொல்வதைத் திருப்பிச் சொல்'. அதன் பின்னால் வரும் குறி, திருப்பிச் சொல்வதைத் திரையில் அல்ல, கோப்பில் எழுது என்கிறது. கணிதத்தில் நாம் 'விடப் பெரிது' என்று வாசிக்கும் அதே குறிதான். இரண்டு குறிகள், அதாவது >> என்று இட்டால், கோப்பின் கடைசியில் சேர்த்து எழுதும். ஒரு குறி மட்டும் இட்டால், உள்ளே இருந்த அனைத்தையும் அழித்துவிட்டு இதை மட்டும் எழுதும். நான் இட்டது ஒன்று.

'உறுதியாகத்தானா?' என்று கணினி கேட்கவில்லை. ஒரு செய்தியும் வரவில்லை. சரியாக எழுதியிருந்தாலும் ஒரு செய்தியும் வந்திருக்காது. கோப்பைத் திரையில் காட்டும் டைப் கட்டளையை இட்டேன். ஒரேயொரு வரி. என் வரி. மேலே இருந்த பெயர்களில் ஒன்றுகூட இல்லை.

அந்த நேரத்தில் கேற்றடியில் வேன்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார். நாளை எல்லோருக்கும் முதல் வந்து சரிசெய்துவிடலாம் என்று நினைத்துத் தாய்க்கணினியை நிறுத்திவிட்டுப் போனேன். டீச்சர் பக்கத்து அறையில்தான் இருந்தார். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதற்கு நல்ல காரணம் எதுவும் என்னிடம் இல்லை. வெட்கம்தான்.

மறுநாள் நான் வந்தபோது தரம் 9 மாணவிகள் உதவி செய்யும் ஆர்வத்தில் ஏழு மணிக்கே வந்து பன்னிரண்டு கணினிகளையும் இயக்கியிருந்தார்கள். பதினொரு கணினிகளிலும் தொகுதிக் கோப்பு ஓடி முடிந்திருந்தது. ஒவ்வொன்றும் தாய்க்கணினியின் அந்த ஒரு வரிக் கோப்பை ஒழுங்காகப் பிரதி எடுத்துத் தன் நல்ல கோப்பின் மேல் எழுதியிருந்தது. 'குரல்' தவிர எந்த இணைப்பும் திறக்கவில்லை.

வயர்களை யார் தொட்டது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கணினிகளை முதலில் இயக்கிய சிறுமியின் மேல் பேச்சுத் திரும்பியது. அவள் என்னிடம் வந்து, "நான் ஒன்டும் செய்யல்ல தாத்தா, சும்மா ஒன் பண்ணினது மட்டும்தான்" என்றாள். நான் "தெரியும்" என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை. ஏறத்தாழ அரை மணி நேரம் நானும் மற்றவர்களோடு சேர்ந்து வயர்களைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன், அவற்றில் பிழை ஒன்றுமில்லை என்று நன்றாகத் தெரிந்துகொண்டே. அவள் ஒரு மூலையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பதைக் கண்ட பிறகுதான் டீச்சரிடம் போய் நான்தான் என்று சொன்னேன்.

டீச்சர் ஏசவில்லை. என்ன கட்டளை இட்டேன் என்று எழுதிக் காட்டச் சொன்னார். பார்த்துவிட்டு, "நேற்றே சொல்லியிருந்தா பதினொரு கணினியிலயும் நல்ல பிரதி இருந்திச்சே மகள்" என்றார். அதுதான் உண்மை. அன்று பின்னேரம் எந்தக் கணினியிலிருந்தும் கோப்பைத் திருப்பி எடுத்திருக்கலாம். ஒற்றைக் குறியால் அழிந்தது ஒரு பிரதி. மற்றப் பதினொன்றும் அழிந்தது நான் ஓர் இரவு பேசாமல் இருந்ததால். பிறகு எல்லோர் முன்னிலையிலும் அந்தச் சிறுமியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் தலையாட்டினாள். அவ்வளவுதான்.

மீண்டும் கட்டியெழுப்புவது ஒரு நாள் வேலையாயிற்று. கணினி கணினியாகப் போய் இரண்டு கட்டளைகள் இட்டோம். ஹோஸ்ட்நேம் என்பது அந்தக் கணினியின் பெயரைச் சொல்லும். ஐபிகொன்ஃபிக் என்பது அதன் முகவரியைச் சொல்லும். அவள் வாசிக்க நான் கொப்பியில் எழுதினேன். அப்படிப் போனதில் ஒரு பழைய புதிருக்கும் விடை கிடைத்தது. 'ஏடு' சில நாட்களில் திறக்கும், சில நாட்களில் வேறொரு வகுப்பின் பக்கத்தைக் காட்டும். காரணம், மற்றவற்றுக்கெல்லாம் நிலையான முகவரி கொடுத்திருந்த நாங்கள் அதற்கு மட்டும் கொடுக்க மறந்திருந்தோம். அது தானியங்கி முறையில் வழிப்படுத்தி தரும் முகவரியைப் பெற்றுக்கொண்டிருந்தது, அதுவோ மாறக்கூடியது. சாச்சியின் எண் கதைதான். முகவரி மாறாது என்று உறுதியான கணினியையே ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதலாம்.

இப்போது நான் ஒரு வரி சேர்ப்பதென்றால் முதலில் கொப்பி கட்டளையால் ஹோஸ்ட்ஸ் கோப்பை வேறு பெயரில் பிரதி எடுப்பேன். பிறகு டைப் இட்டுக் கடைசி வரியைப் பார்ப்பேன். இது ஏன் என்றால், கடைசி வரியின் பின் என்டர் தட்டப்படாமல் இருந்தால், >> சேர்க்கும் புதிய வரி அதன் வாலிலேயே ஒட்டிக்கொள்ளும். எங்களுக்கு ஒருமுறை 'குரல்' என்பதும் அடுத்த கணினியின் எண்ணும் ஒரே சொல்லாகி, இரண்டு கணினிகளும் காணாமற்போயின. கடைசி வரி # குறிப்பாக இருந்தால் இன்னும் மோசம். புதிய வரியும் குறிப்பின் பகுதியாகிவிடும், கணினி அதைக் கண்டுகொள்ளாது.

நீக்குவதற்கு ஃபைன்ட்ஸ்ட்ர் என்ற கட்டளை உண்டு. அதனோடு /வி சேர்த்தால், நாம் சொல்லும் சொல் இல்லாத வரிகளை மட்டும் தரும். அந்த வெளியீட்டை ஒரு புதிய கோப்பில் எழுதி, சரிபார்த்து, அதன் பின்பே பழையதன் இடத்தில் வைக்கவேண்டும். நேரே ஹோஸ்ட்ஸ் கோப்பிலேயே எழுதச் சொன்னால் என்ன நடக்கும்? அந்த ஒற்றைக் குறி, கட்டளை வாசிக்கத் தொடங்குவதற்கு முன்பே கோப்பைக் காலியாக்கிவிடும். வாசிப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. இதைப் பயிற்சிக் கோப்பொன்றில் செய்து பார்த்துத்தான் நம்பினேன்.

நோட்பேடில் எழுதுவோருக்கும் ஒரு பொறி இருக்கிறது. சேமிக்கும்போது அது பெயரின் பின்னால் .டெக்ஸ்ட் என்ற வாலைச் சேர்த்துவிடலாம். அப்போது உண்மையான கோப்பு மாறாமல் இருக்க, பக்கத்தில் ஒரு போலி உருவாகும். விண்டோஸ் வழமையாக அந்த வாலை மறைத்தே காட்டுவதால் கண்டுபிடிப்பதும் கடினம்.

சரிபார்க்க பிங் கட்டளை போதும். பெயரைக் கொடுத்தால் அது எந்த எண்ணை நாடிப் போகிறது என்று முதல் வரியிலேயே காட்டும். மறுபக்கத்துத் தீச்சுவர் பதில் தராமல் தடுத்தாலும் பரவாயில்லை, நாம் பார்ப்பது எண்ணைத்தான். பலர் என்எஸ்லுக்அப் கட்டளையால் சோதித்துவிட்டு, எழுதியது வேலை செய்யவில்லை என்று குழம்புகிறார்கள். நானும் குழம்பினேன். அது ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்ப்பதே இல்லை, நேராக டி.என்.எஸ். சேவையகத்தையே கேட்கும். பழைய விடை நினைவில் தங்கியிருக்கிறது என்ற சந்தேகம் வந்தால் ஐபிகொன்ஃபிக்கோடு /ஃப்ளஷ்டிஎன்எஸ் சேர்த்து இட்டு நினைவைத் துடைக்கலாம்.

பெற்றோருக்கும் இதில் ஒரு விடயம் இருக்கிறது. ஹோஸ்ட்ஸ் கோப்பை மாற்ற நிர்வாகி அனுமதி தேவைப்படுவது வீணான கெடுபிடி அல்ல. தீங்கான மென்பொருள் ஒன்று அந்த அனுமதியைப் பெற்றுவிட்டால், வங்கியின் பெயருக்கு நேரே ஒரு திருடனின் எண்ணை எழுதிவிட முடியும். நீங்கள் வங்கியின் பெயரை எழுத்துப் பிழையின்றித் தட்டச்சு செய்தாலும் வேறொரு வாசலுக்கே போவீர்கள். அப்போது உலாவி பெரும்பாலும் 'சான்றிதழ் பொருந்தவில்லை' என்று எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையை வாசிக்காமல் 'தொடர்க' என்பதை அழுத்தும் பழக்கம் வாப்பாவுக்கு இருந்தது. இப்போது என்னைக் கூப்பிடுகிறார். வீட்டுக் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பை டைப் கட்டளையால் திறந்து பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது. விண்டோஸோடு வரும் கோப்பில் அநேகமாக # வரிகள் மட்டுமே இருக்கும். நீங்களோ பிள்ளைகளோ எழுதாத வேறு வரி இருந்தால் அது யாருடையது என்று கேட்கவேண்டும்.

இதே கோப்பால் ஒரு தளத்தைத் தடுக்கவும் முடியும். அதன் பெயருக்கு நேரே 127.0.0.1 என்று எழுதினால், கணினி அந்தத் தளத்தைத் தன்னுள்ளேயே தேடிவிட்டு இல்லையென்று நின்றுவிடும். தவணைப் பரீட்சைக் காலத்தில் உம்மா சொல்லி ஒரு காணொளித் தளத்தை இப்படித் தடுத்தேன். ஆனால் ஒவ்வொரு பெயரையும் தனித்தனியே எழுதவேண்டும், முன்னால் ஓர் எழுத்துச் சேர்ந்த கிளைப் பெயர் தப்பித்துவிடும். கைபேசிக்கு இந்தத் தடை செல்லாது. அதைவிடப் பெரிய ஓட்டை, பூட்டியவளின் கையிலேயே திறப்பும் இருந்தது. உம்மா அதை இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டார்.

கண்காட்சி நாளில் பன்னிரண்டு பெயர்களும் திறந்தன. எமது தாய்க்கணினியின் கோப்பு இப்போது # குறியிட்ட வரிகளால் பாதி நிறைந்திருக்கிறது. எந்தப் பெயரை யார், எந்தத் திகதியில் சேர்த்தார் என்று ஒவ்வொன்றின் மேலும் எழுதியிருக்கிறது. வாரத்துக்கு ஒரு பிரதி பென் ட்ரைவில் எடுக்கப்படுகிறது. அந்த வேலையை டீச்சர் தரம் 9 சிறுமியிடம் கொடுத்திருக்கிறார். புதிய கணினிக்குப் பெயர் வேண்டுமென்றால் நானும் அவளிடம்தான் கேட்கவேண்டும். போன வாரம் கேட்டேன். கட்டளையைக் காகிதத்தில் எழுதித் தரச் சொன்னாள். குறிகளை விரலால் தொட்டு இரண்டு என்று எண்ணிவிட்டுத்தான் தட்டச்சு செய்தாள்.